எந்தக் கத்தியை ‘வன்னி மரபைத் தழுவியது’ என்று சொல்லலாம்?

கிளிநொச்சியில் அண்மையில் கத்திப் பட்டறை தொடங்கிய ஒரு தம்பி கேள்வி ஒன்றை எழுதி, படமும் அனுப்பியிருக்கிறார். எவர்சில்வர் தகட்டில் ஒன்பது அங்குல அலகு, கருமையான பனைமரப் பிடி, அலகின் இரு பக்கமும் கொடிப்பூ வேலை, பிடங்குப் பக்கத்தில், அதாவது கூருக்கு எதிர்ப்புற முதுகில், சம்மட்டி அடித்தது போன்ற குழிகள். விடுமுறைக்கு ஊர் வரும் வெளிநாட்டு உறவுகள் விரும்பி வாங்குகிறார்களாம். ‘இதை வன்னி மரபுக் கத்தி என்று சொல்லலாமா, மரபைத் தழுவியது என்று சொல்ல வேண்டுமா? இரண்டுக்கும் என்ன வேறுபாடு, அதை எதைக்கொண்டு தீர்மானிப்பது?’ என்பது அவருடைய கேள்வி.

தம்பி, ஒளிக்காமல் சொல்கிறேன். படத்தில் உள்ள கத்திக்கு இரண்டு பெயருமே பொருந்தவில்லை. ஆனால் அலகு இரு பக்கமும் ஒரே அளவாக இறங்கியிருக்கிறது, பிடி இடைவெளி விடாமல் உட்கார்ந்திருக்கிறது. கைப்பழக்கம் உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது.

முதலில் பெயர்களைப் பாருங்கள். காட்டுக்கத்தி, பாளைக்கத்தி, கொக்கைச்சத்தகம், அரிவாள், பாக்குவெட்டி, வில்லுக்கத்தி. இவற்றில் ஊரின் பெயர் எங்கே இருக்கிறது? வெட்டுகிற இடம், வெட்டப்படுகிற பொருள், கத்தி மடங்கும் விதம், இவைதான் பெயராகியிருக்கின்றன. ஒட்டுசுட்டானில் என் தாய்மாமனின் கம்மாலையில், அதாவது கொல்லன் பட்டறையில், பதினைந்து வயதிலிருந்து துருத்தி ஊதியவன் நான். அங்கே வந்த ஒருவர்கூட ‘வன்னிக் கத்தி ஒன்று அடித்துத் தாருங்கள்’ என்று கேட்டதில்லை. ‘விடத்தல் பற்றை வெட்ட வேண்டும், கை நோகாத மாதிரி ஒன்று வேண்டும்’ என்பார்கள். மாமா வந்தவரின் உள்ளங்கையை ஒரு தரம் பார்ப்பார், உயரத்தைப் பார்ப்பார், பிறகுதான் இரும்பை எடுப்பார்.

அந்தக் கம்மாலையிலிருந்துதான் என் வரைவிலக்கணமும் வருகிறது. ஒரு தொழிலுக்காக இங்கே உருவான வடிவத்தை, அதே தொழிலுக்கு, இங்கே வழக்கமான முறையில் செய்தால் அது மரபுக் கத்தி. அந்த வடிவத்துக்குள் இருக்கும் தொழிலறிவைக் காப்பாற்றிக்கொண்டு, இரும்பையோ செய்முறையையோ அளவையோ மாற்றினால் அது மரபைத் தழுவிய கத்தி. தொழிலை விட்டுவிட்டுத் தோற்றத்தை மட்டும் எடுத்தால் அது அலங்காரப் பொருள். அலங்காரப் பொருள் செய்வது குற்றமில்லை, சுவரில் மாட்டுவதற்கு என்று சொல்லி விற்றால் போதும்.

தொழிலறிவு வடிவத்துக்குள் இருக்கிறது என்று சொன்னேன். அதை நானே பிந்தித்தான் படித்தேன். சில ஆண்டுகளுக்கு முன் முள்ளியவளைப் பக்கத்தில் ஓலையில் பெட்டி, பாய் இழைக்கும் பன்ன வேலை செய்யும் ஆச்சி ஒருவருக்குச் சத்தகம் ஒன்று, ஓலை வாரும் சிறு கத்தி, செய்துகொண்டு போனேன். மர ஆலையின் பழைய வாள் தகட்டில் வெட்டி, கண்ணாடி போல மினுக்கி, முதுகை நேர்கோடாக, இரு ஓரமும் கூராக விட்டிருந்தேன். எனக்கு அது மிக வடிவாகத் தெரிந்தது. ஆச்சி அலகைப் பார்க்கவே இல்லை. சத்தகத்தைக் கைக்குள் வைத்துச் சுட்டுவிரலை முதுகில் அழுத்தினார், பக்கத்தில் கிடந்த சார்வோலை ஒன்றை எடுத்து வாரத் தொடங்கினார். இரண்டு கீற்று வந்தது. நிறுத்திவிட்டு எழுந்து போய், வாசல்படிக் கல்லில் சத்தகத்தின் முதுகைத் தேய்க்கத் தொடங்கினார். ‘மோனை, வாய் நன்றாக இருக்கிறது. முதுகுதான் என் விரலை வெட்டுகிறது’ என்றார்.

அன்று பின்னேரம் முழுக்க அவர் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஓலை வாரும்போது சத்தகம் நகர்வதே இல்லை. பெருவிரலுக்கும் அலகுக்கும் நடுவில் கீற்றின் அகலம் நிலையாக நிற்கிறது, மற்றக் கை ஓலையை இழுக்கிறது. அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது சுட்டுவிரல். அதனால் முதுகு உருண்டையாக இருக்க வேண்டும். அலகு நீண்டால் நுனி ஆடும், கீற்று ஒரே அளவாக வராது. இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆச்சிக்குத் தேவைப்படவில்லை. அவருடைய பழைய சத்தகத்தின் வால் ஊசிபோல நீட்டப்பட்டிருந்தது, பெட்டி இழைக்கும்போது பின்னலை விலக்கிக் கீற்றைச் செருகுவதற்கு. நான் அந்த வாலை அழகுக்காக உருட்டி மூடியிருந்தேன்! வீட்டுக்கு வந்து மறுபடி செய்தேன். இரும்பு அதே ஆலை வாள்தான். கம்மாலையில் அடித்ததல்ல, கிறைண்டரில் தேய்த்தது. ஆனால் அந்த இரண்டாவது சத்தகத்தை மரபைத் தழுவியது என்று எவர் முன்னாலும் சொல்வேன். முதலாவதைச் சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு மிகக் கொஞ்சம்.

காட்டுக்கத்தியிலும் இதேதான். மாமா 1970களில் அடித்த ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. பிடியடியில் ஒன்றரை அங்குல அகலம், முன்னால் போகப் போக இரண்டரை அங்குலம். பிடங்கு பிடியருகில் ஆறு மில்லிமீற்றர், நுனியை நோக்கி மெலிகிறது. நுனியில் அலகு உள்ளே வளைந்து மூக்கு வைக்கிறது. இந்த மூக்கை வடிவுக்கு வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். சூரையும் விடத்தலும் காரையும் பின்னிக் கிடக்கிற பற்றைக்குள் கையை விட முடியாது. வெட்டிய கொப்பை மூக்கால் கொளுவி வெளியே இழுக்க வேண்டும். அடியோடு வெட்டும்போது வாய் கல்லில் படுவதற்கு முதல் மூக்கு நிலத்தில் தட்டும், வாய் தப்பும். அகலம் முன்னால் கூடுவதால் பாரம் முன்னால் விழுகிறது, கை வீசினால் மட்டும் போதும், கத்தி தானே இறங்கும். பிடியை வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, நீள்வட்டமாக இருக்கும். விடியற்கருக்கலில் எடுத்தாலும் வாய் எந்தப் பக்கம் என்று கை அறியும். பிடியின் கடைசியில் ஒரு தடிப்பு, வியர்த்த கையிலிருந்து நழுவாமல் இருக்க. காடு வெட்டிக் குடியேறிய ஊர்களில் இந்தக் கத்திதான் வீட்டின் முதல் சொத்து.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்போது ‘மரபு’ என்று கேட்டு வருகிறவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் சினிமாவில் பார்த்த வீச்சரிவாள். அது தென் தமிழ்நாட்டுக்குரியது. சிவகங்கைப் பக்கத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர், அங்குள்ள கொல்லர்களின் பெருமை அவர்களுக்கு உரியது. அதன் நீண்ட வளைவை எடுத்து ‘வன்னி’ என்று முத்திரை குத்தினால் இரண்டு மரபையும் ஒரே நேரத்தில் அவமதிக்கிறோம். எங்கள் அரிவாள் நெல்லுக்கு உரியது, மெல்லியது, வாயில் உளியால் வெட்டிய சிறு பற்கள் உண்டு. அந்தப் பற்களுக்குப் பெயர் கருக்கு. பனைமட்டையின் ஓரத்தில் வரிசையாக நிற்கிற பற்களுக்கும் அதே பெயர்தான். வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியபின் அரிவு வெட்டுக்கு ஆள் சேர்வது குறைந்துவிட்டது, கருக்கு வெட்டத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. உங்களுக்கு உண்மையிலேயே மரபில் ஆர்வம் இருந்தால் கொடிப்பூ செதுக்குகிற நேரத்தைக் கருக்கு வெட்டப் பழகுவதில் செலவிடுங்கள். தக்காளி வெட்டும் சமையலறைக் கத்தி ஒன்றுக்கு அந்தக் கருக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவல்லவா தழுவல்!

கொடிப்பூவுக்கு வருகிறேன். அலகிலும் பிடியிலும் கொடி வேலை, வெள்ளி பித்தளைப் பதிப்பு, இவை கண்டி இராச்சியத்தின் பிஹாகெத்த என்ற கத்தியின் அடையாளங்கள். அரச பட்டறைகளில், அரசனுக்கும் பிரதானிகளுக்கும் செய்யப்பட்டவை. சிலவற்றின் உறையில் ஓலை எழுதும் எழுத்தாணியும் சேர்ந்திருக்கும். உலகத்து அருங்காட்சியகங்களில் வைத்துப் பார்க்கத் தகுந்த வேலை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது அரண்மனை மரபு. மாமாவின் கத்தியில் இருந்த ஒரே அலங்காரம் பிடியருகில் மூன்று உளிக்கோடு, தன் கைவேலை என்று காட்டுவதற்கு. நீங்களும் உங்களுக்கென்று ஒரு கோட்டை வைத்துக்கொள்ளுங்கள். கொடியை அலகிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சம்மட்டிக் குழிகள் என்னை உண்மையில் வருத்தின. மாமா கடைசி அடிகளை மெதுவாக, நெருக்கமாக, ஈரமான பட்டடையில் அடிப்பார். அதற்குப் பிறகும் ஒரு தழும்பு தெரிந்தால் அரத்தை எடுத்து அழிப்பார். தழும்பு தெரிகிற கத்தியை வாடிக்கையாளர் கையில் கொடுப்பது அவருக்கு வெட்கம். எந்தக் குறையை மறைக்க அந்தத் தலைமுறை பாடுபட்டதோ, அதை நாம் கிறைண்டரால் செயற்கையாக உண்டாக்கி ‘பழமை’ என்று விற்கிறோம். அமிலத்தில் கறுக்க வைப்பதும் அப்படித்தான். வரிவரியாக அலை ஓடும் ‘டமாஸ்கஸ்’ தகட்டை வெளியிலிருந்து வாங்கி வன்னிப் பெயரில் விற்பவர்களும் இருக்கிறார்கள். நான் கையில் எடுத்துப் பார்த்த எந்தப் பழைய வன்னிக் கத்தியிலும் வரி கிடையாது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மூசை என்ற மண்கிண்ணத்தில் உருக்கு வார்த்த பெரிய வரலாறு இருக்கிறது, சமனலவெவப் பக்கத்தில் பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கிய உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டு 1996இல் உலகுக்குத் தெரியவந்தன. அந்தப் பெருமையை இரண்டு வகை இரும்பை மடித்து ஒட்டிய இன்றைய தகட்டுக்குக் கடன் கொடுக்கக் கூடாது.

‘அப்படியானால் பழைய இரும்பில்தான் செய்ய வேண்டுமா’ என்று கேட்பீர்கள். கம்மாலை எப்போதும் கிடைத்த இரும்பில்தான் வேலை செய்தது. மாட்டுவண்டில் சக்கரப் பட்டம், தேய்ந்த அரம், பிறகு லொறி வில்லுத்தகடு. பழைய கோடரிகளில் வாய்க்கு மட்டும் உருக்கு வைத்து ஒட்டியிருக்கும், உருக்கு அவ்வளவு அருமைப்பட்ட பொருள். ஆகவே வில்லுத்தகடு மரபுக்குப் புறம்பானதல்ல. அதில் கரியின் (காபன்) பங்கு ஏறத்தாழ 0.6 சதவீதம். காட்டுக்கத்திக்கு இதைவிடப் பொருத்தமான இரும்பை நான் காணவில்லை, கடினமும் ஏறும், கல்லில் பட்டால் உடைந்து சிதறாமல் நெளியும். கட்டடக் கம்பியில் அந்தக் கரி இல்லை, எவ்வளவு தோய்த்தாலும், அதாவது பழுக்கக் காய்ச்சி அமிழ்த்திக் கடினமாக்கப் பார்த்தாலும், வாய் நிற்காது. ஓடிக் களைத்த வில்லுத்தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் ஒதுக்கிவிடுங்கள். நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பை உலையில் வைக்காதீர்கள், அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். எங்கள் மண்ணில் இன்னொன்றும் உண்டு. காட்டிலும் வயலிலும் கிடக்கிற போர்க்கால இரும்பு எதுவும் உலைக்கு வரக் கூடாது. செல் துண்டு போலத் தெரிவது வெடிக்காத செல்லாக இருக்கலாம். ‘போர் இரும்பில் செய்த கத்தி’ என்று கேட்டு எவ்வளவு பணம் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் எவர்சில்வர் தகட்டைப் பற்றி ஒரு கேள்வி. எந்த வகை என்று தெரிந்துதான் வாங்கினீர்களா? பாத்திரத்துக்கும் மேசைக்கும் வருகிற 304 வகைத் தகடு தோய்ச்சலே ஏற்காது, எவ்வளவு தீட்டினாலும் இரண்டு நாளில் மழுங்கும். கத்திக்கென்று வருகிற எவர்சில்வர் வகைகள் வேறு, அவற்றைச் சூடாக்க 1000 பாகை செல்சியஸுக்கு மேல், அளவு தெரிகிற மின்னுலை வேண்டும். கரியுலையில் அது சரிவராது. தகுந்த வகையில், தகுந்த உலையில் செய்தால் எவர்சில்வர் அலகை நான் மறுக்க மாட்டேன். மீனும் எலுமிச்சையும் புழங்குகிற அடுப்படியில் துருப்பிடிக்காத இரும்பு கிடைத்திருந்தால் மாமாவே முதலில் அதை எடுத்திருப்பார்.

தோய்ச்சலில் கம்மாலை அறிவும் புத்தக அறிவும் ஒன்றையொன்று தழுவிக்கொள்கின்றன. கம்மாலைக்குள் ஏன் அவ்வளவு இருட்டு என்று சிறுவயதில் எனக்கு விளங்கவில்லை. இரும்பின் நிறத்தை வெயிலில் படிக்க முடியாது. இருட்டில்தான் மங்கிய சிவப்பும் செம்பழ நிறமும் வேறுவேறாகத் தெரியும். இன்று ஒரு காந்தத்தை உலைக்குப் பக்கத்தில் தொங்கவிடுகிறேன். 770 பாகையில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்கு மேலும் சற்றுச் சூடேற்றி, ஏறத்தாழ 830இல், வாய்ப் பக்கத்தை மட்டும் எண்ணெயில் இறக்குகிறேன். வாய் கடினமாகும், பிடங்கு மென்மையாகவே இருக்கும், அடிபட்டாலும் முறியாது. வில்லுத்தகட்டைத் தண்ணீரில் போட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அன்றைய உழைப்பு அவ்வளவுதான். பிறகு 200 பாகையில் இரண்டு மணி நேரம் அடுப்பில் வைத்துக் கடினத்தைச் சற்று இறக்குகிறேன். மாமா இதையே வைக்கோல் நிறம் வரும்வரை தணலுக்கு மேல் காட்டிச் செய்தார். வெப்பமானியும் காந்தமும் பெல்ற் கிறைண்டரும் வந்ததால் மரபு போய்விடவில்லை. அவை மாமா தேடியதையே எளிதாக்குகின்றன.

பிடிக்கு விண்ணாங்கு. கைக்கருவிப் பிடிகளுக்கென்றே எங்கள் பக்கத்தில் தேடி வெட்டிய மரம் அது, அதிர்வைக் கைக்கு விடாது. முதிரையும் கருங்காலியும் பார்க்க மிக அழகு. ஆனால் அவற்றை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் அனுமதிப்பத்திரம் வேண்டும், பழைய வீட்டுக் கதவு நிலைகளின் துண்டுகள் கிடைத்தால் மட்டும் எடுங்கள். மான், மரைக் கொம்பைத் தொடவே வேண்டாம், வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. எருமைக் கொம்பு போதும். உங்கள் கரும்பனைப் பிடி எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு குறை: பனையின் நார் நுனிகள் திறந்திருந்தால் ஈரம் குடித்து எழும்பிச் சிலாம்பு ஏறும். முனைகளை எண்ணெயில் நன்றாக ஊறவைத்து மூடுங்கள். பிடிக்குள் போகும் அலகின் வாலைப் பழுக்கக் காய்ச்சித் துளைக்குள் இறக்கி, அரக்கும் செங்கல் தூளும் உருக்கி ஊற்றுவது பழைய முறை. நீங்கள் எப்பொக்சிப் பசை பாவித்திருக்கிறீர்கள், குற்றமில்லை. பிடியின் வாயில் போடும் உலோக வளையமான பூணை மட்டும் விடாதீர்கள், பிடி பிளக்காமல் காப்பது அதுதான்.

இனிப் பெயரும் அட்டையும். பிரான்ஸில் லாயோல் என்றொரு சிற்றூர், அதன் பெயரால் ஒரு மடக்குக் கத்தி 19ஆம் நூற்றாண்டிலிருந்து புகழ்பெற்றது. பெயருக்குப் பாதுகாப்பு இல்லாததால் எவரும் எங்கேயும் செய்து அதே பெயரில் விற்க முடிந்தது. 1993இல் ஊருக்குத் தொடர்பில்லாத ஒரு வணிகர் அந்தப் பெயரையே பல பொருட்களுக்கு வணிகக்குறியாகப் பதிவுசெய்துகொண்டார், ஊரவர்கள் தங்கள் ஊரின் பெயருக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள். ‘வன்னிக் கத்தி’ என்ற வெறும் ஊர்ப்பெயரை நாம் எல்லாக் கத்திக்கும் ஒட்டிப் பழக்கினால் நாளைக்கு எங்கோ ஒரு தொழிற்சாலை அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளும். செய்யும் தொழிலைச் சொல்லும் பெயரை அப்படி எடுக்க முடியாது, அதற்குச் சத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டும்.

அட்டையில் நான் இப்படி எழுதுகிறேன்: ‘காட்டுக்கத்தி. வன்னிப் பற்றைக்காடு வெட்டும் கத்தியின் வடிவைத் தழுவியது. லொறி வில்லுத்தகடு, வாய் மட்டும் எண்ணெயில் தோய்ச்சல், விண்ணாங்குப் பிடி. தோட்ட வேலைக்காக நீளம் இரண்டு அங்குலம் குறைக்கப்பட்டது, கிறைண்டரில் தேய்க்கப்பட்டது.’ எதை வைத்துக்கொண்டேன், எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்பது அதில் இருக்கிறது. இப்படி எழுதத் தொடங்கியபின் வாங்குகிறவர்கள் குறையவில்லை. ‘இது என் அப்பா வைத்திருந்தது போல இருக்கிறது’ என்று சொல்லிக் கையில் வைத்து நெடுநேரம் நிற்கிறவர்கள்தான் கூடியிருக்கிறார்கள்.

உங்கள் ஒன்பது அங்குலக் கத்திக்கு இன்னும் தொழில் இல்லை, அதுதான் அதன் முதற்குறை. அளவைப் பார்த்தால் மீனுக்கோ இறைச்சிக்கோ பொருந்தும். கொடியையும் குழியையும் தேய்த்து எடுத்துவிட்டு, வீட்டில் மீன் வெட்டுகிற அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ ஒரு கிழமைக்குக் கொடுத்து வையுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம், கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். திரும்பி வரும்போது பிடியில் எங்கே கறை படிந்திருக்கிறது, எங்கே படியவில்லை என்று பாருங்கள். கறை படியாத இடத்து மரத்தை அரத்தால் குறைத்துவிட்டு, அடுத்த படத்தை அனுப்புங்கள்.